ரூல்ஃபீனின் சமையலறை மேசை

"சொந்த பலம்" என்ற திட்டத்தை எங்கள் நகர மன்றம் ஏற்றுக்கொண்ட மாலையில் எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பின்வரிசை உறுப்பினர், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூல்ஃபீன் டைக்ஹவுஸ். கைதட்டல் அவளுடைய அப்பாவின் மாடுகளுக்குக் கிடைத்தது என்பதால் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாடுகள் திட்டத்துக்குள் வந்தது இப்படித்தான். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வீட்டில் உதவி ஏற்பாடு செய்யும் வேலையை அரசாங்கம் நகராட்சிகளின் தலையில் கட்டியது. அதற்கு அதுவரை செலவழித்த பணத்தில் ஒரு பெரிய பங்கைத் தானே வைத்துக்கொண்டது. எங்கள் நகராட்சி நெதர்லாந்தின் வடக்கே குரோனிங்கன் மாகாணத்தின் கிழக்கு ஓரத்தில், எரிக்கும் கரிமண் வெட்டித் தீர்ந்த சதுப்பு நிலத்தில், கால்வாய்களின் இரு கரையிலும் நீண்டு கிடக்கிறது. இளைஞர்கள் வெளியேறிவிட்ட ஊர். உதவி தேவைப்படுகிறவர்கள்தான் அதிகம். குறைந்த பணத்தில் எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்க பாஸ்டியான் என்ற ஆலோசகரை நாட்டின் மேற்குப் பகுதியிலிருந்து வரவழைத்தார்கள். அவன் நகராட்சி ஊழியர்களான எங்களை வட்டமாக உட்கார வைத்து, "உதவின்னா உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது என்ன?" என்று கேட்டான்.

ரூல்ஃபீன்தான் வாயைத் திறந்தாள். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா வயிற்று அறுவைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால்வாய்க்கு இந்தப் பக்கம் மூன்று வீட்டுக்காரர்கள், அந்தப் பக்கம் மூன்று வீட்டுக்காரர்கள், யாரும் கூப்பிடாமலே காலையும் மாலையும் வந்து மாடு கறந்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள் வந்து காபி குடிக்கக்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் இதை அண்டைக் கடமை என்போம். சாவு விழுந்தால் பெட்டி தூக்குவதும் அண்டைவீட்டார்தான்.

பாஸ்டியானின் கண் மலர்ந்துவிட்டது. அச்சில் வந்த திட்டத்தின் முதல் பக்கமே மாடுகளாக இருந்தது. படத்தோடு. படத்திலிருந்தவை எங்கள் ஊர் மாடுகள்கூட இல்லை.

ரூல்ஃபீன் பதினேழு வயதில் வீட்டுதவிப் பெண்ணாக வேலைக்கு வந்தவள். பிரசவமான வீடுகளில் தரை துடைத்தாள், கைகால் விழுந்தவர்களைக் குளிப்பாட்டினாள். பிறகு அப்படிப்பட்ட பெண்களுக்கு மேற்பார்வையாளர் ஆனாள், அதற்கும் பிறகு நகராட்சியில் எனக்கு எதிர் மேசைக்கு வந்தாள். கணவன் ஹார்மானுஸை எல்லோரும் மானுஸ் என்பார்கள். கால்வாயின் தூக்குப் பாலத்தைத் திறந்து மூடுவது அவன் வேலை. பிள்ளைகள் இல்லை. பிறகு பாலங்களையெல்லாம் ஓர் அறையில் உட்கார்ந்து காமிரா வழியாகத் திறக்க ஆரம்பித்தபோது மானுஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாலத்துக்கு எதிரில்தான் அவர்கள் வீடு. ஆளில்லாமல் அது எழும்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். "நல்லா இருக்கா மானுஸ்?" என்று கேட்டால், "மோசமில்ல" என்பான். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் எதையும் சொல்வதில்லை. கல்யாணத்தன்றும் அதுதான், கைகால் வெட்டி எடுத்த பிறகும் அதுதான்.

திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை எங்கள் அறைக்கு வந்தது. வார்த்தைகளிலிருந்து தொடங்கினோம். இனி யாரும் உதவிக்கு விண்ணப்பிக்கக் கூடாது. தங்கள் நிலையைத் "தெரிவிக்க" வேண்டும். மதிப்பீடு என்பது கிடையாது, "பேச்சு" உண்டு. பேச்சு அலுவலகத்தில் நடக்காது, அவரவர் சமையலறை மேசையில் நடக்கும். ஒரு தாளில் நடுவே அவரை ஒரு புள்ளியாக வைத்து, சுற்றிலும் வட்டங்கள் போட்டு, அவருக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். பிள்ளை, தம்பி, பக்கத்து வீட்டுக்காரி, தேவாலயத்து ஆள். அவர்களால் முடிந்தது போக மிச்சத்தைத்தான் நகராட்சி கொடுக்கும்.

இதில் ஒரு விதியை ரூல்ஃபீன் சண்டை போட்டு வாங்கினாள். அறிக்கையில் அந்த ஆள் தன் வாயால் சொன்னது மட்டுமே இருக்க வேண்டும். அதிகாரியின் அபிப்பிராயம் எதுவும் கூடாது. எழுதியதை அவரிடமே கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

"அதுக்கு எதுக்கு இவ்ளோ கோபம்?" என்று பாஸ்டியான் கேட்டான். "நாங்க ஒத்துக்கறோமே."

"எங்க அம்மாகிட்ட நகராட்சிலேர்ந்து ஒருத்தி வந்தா. அப்பா படுத்திருந்த சமயம். அலமாரிக் கதவத் திறந்து பாத்தா. விரலால ஜன்னல் விளிம்பத் தடவிப் பாத்தா. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வெளிய போய் எழுதினா. என்ன எழுதினான்னு அம்மாவுக்குச் சாகற வரைக்கும் தெரியாது."

"சரியாச் சொன்னீங்க. மனுஷங்கள நம்பணும்," என்றான் பாஸ்டியான். விதி ஏறிவிட்டது.

முதல் சில வீடுகளுக்கு நானும் அவளும் சேர்ந்தே போனோம். கெஸீனா வீடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போன விதவை. எண்பதைத் தாண்டியவள். வியாழக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் ஒரு பெண் வந்து வீட்டைத் துடைத்து, துணி துவைத்து, ரொட்டி சூப் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் போவாள். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றிப் பேசத்தான் போனோம்.

கதவைத் திறந்ததும் சோப்பு வாசனை. ஜன்னல் கண்ணாடியில் ஒரு திட்டு இல்லை. மேசையில் இஸ்திரி போட்ட விரிப்பு. கெஸீனா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதடு நீலமாக இருந்தது.

"உக்காருங்க. காபி ஆகுது. பெரெண்ட், நீ இன்னும் பென்ஷன் வாங்கலையா?"

"விட மாட்டேங்கறாங்க," என்றேன்.

ரூல்ஃபீன் சுற்றிப் பார்த்தாள். "கெஸீனா, இன்னைக்கு செவ்வாய்தானே. உதவிக்கு வர்ற பொண்ணு வியாழக்கிழமைதான் வருவா. ஜன்னல் யார் கழுவினது?"

"மழை கழுவிச்சு."

"உள் பக்கத்தையுமா?"

"நல்ல மழை பொண்ணே அது." கெஸீனா மூச்சு வாங்கினாள். "விருந்தாளி வரும்போது வீடு நாறிக் கிடந்தா நல்லா இருக்குமா? நீயே சொல்லு."

"நான் விருந்தாளி இல்ல. உங்களுக்கு என்ன முடியல, அதச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

"முடியாததுன்னு என்ன இருக்கு. மெதுவாப் பண்ணா எல்லாம் முடியும்."

"படியேற முடியுமா?"

"உக்காந்து உக்காந்து ஏறுவேன். போக வேண்டிய அவசரம் என்ன, மேல யாரு காத்திருக்கா?"

"துணி?"

"பக்கத்து வீட்டு அனெத் போறப்ப வர்றப்ப ஒரு குரல் குடுப்பா."

"குரல் குடுப்பாளா, துணி துவைப்பாளா?"

"உங்க அப்பன் மாட்ட கறந்தாங்களாமே. புத்தகத்துல போட்டிருக்கு, என் பையன் படிச்சுக் காட்டினான். என்கிட்ட மாடு இல்ல. இருந்தா ஒருவேளை வந்திருப்பாங்க."

அறிக்கையில் அவள் வாயால் சொன்னதே ஏறியது. மெதுவாகச் செய்தால் எல்லாம் முடியும். பக்கத்து வீட்டு அனெத் பார்த்துக்கொள்கிறாள். மூன்று மணி நேரம் ஒன்றரையாகக் குறைந்தது. கையெழுத்துப் போடும்போது கெஸீனா எங்களுக்கு இரண்டாவது காபி ஊற்றினாள். விரிப்பில் கொஞ்சம் சிந்தியது. அதை உடனே தட்டை வைத்து மறைத்துவிட்டாள்.

சைக்கிளில் திரும்பும்போது காற்று எதிரில் அடித்தது. ரூல்ஃபீன் குனிந்து மிதித்துக்கொண்டே வந்தாள். பிறகு, "இனிமே போன் பண்ணும்போதே சொல்லிடணும். தயவு செஞ்சு எதையும் துடைக்காதீங்கன்னு," என்றாள்.

சொல்லியும் பார்த்தாள். அதற்குப் பிறகு ஜனங்கள் இன்னும் அதிகமாகத் துடைத்தார்கள். துடைக்காதே என்று முன்கூட்டியே சொல்கிறாள் என்றால் வந்து பார்க்கப் போகிறாள் என்றுதானே அர்த்தம். பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி ஜன்னலின் வலைத் திரையைத் துவைப்பதற்காகக் கழற்ற ஏணியில் ஏறி இடுப்பை உடைத்துக்கொண்டாள். பேச்சு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடந்தது. அங்கேயும் அவள் "மோசமில்ல" என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் வீட்டுதவி நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பக்கத்து நகராட்சிகளிலிருந்து எங்களைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்காக நடந்த கூட்டத்தில் ரூல்ஃபீன் எழுந்தாள்.

"குறைஞ்சது தேவை இல்ல. ஜனங்க முடியலன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. அவ்வளவுதான்."

பாஸ்டியான் கோபப்படவில்லை. அவன் ஒருநாளும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "அப்ப அவங்க பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?"

"பொய்யில்ல."

"அவங்க சொன்னத விட்டுட்டு நாம பாத்தத எழுதணும்ங்கறீங்களா? அலமாரியத் திறந்து பாக்கணுமா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். தன் சொந்த விதிக்கு எதிராகப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. அதற்கு அடுத்த குளிர்காலத்தில் கெஸீனா இறந்தாள். நுரையீரல் என்றார்கள், நுரையீரலாகத்தான் இருக்கும். பெட்டி தூக்க ஆறு பேர் கிடைக்காமல் சவ அடக்க நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ரூல்ஃபீன் அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. "நான் போனா இதவிட மோசமா ஒருத்தர் வருவாங்க," என்றாள். புதிதாக வந்த பெண்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுத்தாள். என்ன கேட்க வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று. பயிற்சி பெற்றவர்களில் யோரிண்டாதான் கெட்டிக்காரி.

மானுஸுக்கு மறதி வந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிவதற்கு முன்பே ரூல்ஃபீனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. ஒருநாள் திடீரென்று முன்கூட்டியே ஓய்வு கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். நானும் அதே வருஷம் ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், சமையலறைப் பேச்சு நடக்கும்போது வயதானவர்களுக்குப் பக்கபலமாக உட்காரும் தொண்டர் வேலையில் சேர்ந்தேன். சட்டப்படி யாரும் ஒருவரை அப்படிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வசந்தகாலக் காலையில் ரூல்ஃபீன் என் வீட்டுக்கு வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை அரை மணி நேரம் மானுஸோடு உட்காரச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"அவன் ராத்திரி எழுந்து பாலத்துக்குப் போறான், பெரெண்ட். படகு காத்துக்கிட்டிருக்காம், ஹார்ன் அடிக்குதாம். சட்ட, டை எல்லாம் மாட்டிக்கிட்டுப் போறான். நான் கதவப் பூட்டினா ஜன்னல் வழியா இறங்கறான். பிடிச்சு இழுத்தா அழறான், வேலய விட்டுத் தூக்கிடுவாங்கன்னு. நான் தூங்கி ரொம்ப நாளாச்சு."

"பகல்ல?"

"பகல்ல என் பின்னாலயே நிப்பான். நான் கண்ண மூடினா எழுப்பி விட்டுருவான்."

அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளே தெளிவாகச் சொன்னாள், அந்த வேலையை எத்தனையோ வருஷம் பார்த்தவள் இல்லையா. ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்புப் பண்ணை இருக்கிறது. மறதி வந்த ஆண்களைக் காலையில் வேனில் அழைத்துப்போய், ஆட்டுக்குத் தீவனம் போடச் சொல்லி, உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்லி, மாலையில் கொண்டுவந்து விடுவார்கள். வாரத்தில் மூன்று நாள் அங்கே இடம் கிடைத்தால் அவள் பகலில் தூங்குவாள். பகலில் தூங்கினால் இரவில் அவனைக் காப்பாற்ற முடியும். கிடைக்காவிட்டால் முடியாது. அப்படியானால் ஒரு நாள் அவன் தண்ணீருக்குள் போவான், அல்லது பராமரிப்பு இல்லத்தின் பூட்டிய பிரிவுக்குப் போவான்.

"வேறெதுவும் வேண்டாம். மூணு நாள். அவன் என்கூட இருக்கணும்."

"இதே மாதிரி பேச்சுலயும் சொல்லு," என்றேன். "இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரி."

"சொல்லுவேன். எனக்கே சொல்லத் தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

என் சமையலறையிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பேச்சுக்கு யோரிண்டா வருவதாகத் தகவல் வந்திருந்தது, நான் அவளாக உட்கார்ந்து கேள்வி கேட்டேன். "எப்படி இருக்கீங்க?" என்றேன். "முடியல" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறை கேட்டேன். சொல்லிவிட்டுக் கழுத்துவரை சிவந்துபோனாள்.

பேச்சு நடக்க வேண்டிய நாளன்று கொஞ்சம் முன்னாலேயே போனேன். கதவைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சோப்பு வாசனை. ஜன்னலில் கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. மானுஸ் முகம் மழித்து, பாலக்காரர்களின் பழைய நீலக் கோட்டில், தலை வாரி உட்கார்ந்திருந்தான். அடுப்பில் ஆப்பிள் கேக்.

"என்ன பண்ணி வச்சிருக்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. லேசாத் துடைச்சேன்."

"ரூல்ஃபீன்."

"ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன். சும்மா உக்காந்து என்ன பண்ணச் சொல்ற?" என்றாள். பிறகு, "யோரிண்டா எனக்குக் கீழ வேலை பாத்தவ, பெரெண்ட். அவ முன்னாடி..." என்று நிறுத்திக்கொண்டாள்.

யோரிண்டா வந்தாள். நல்ல பெண். தன் குருவின் வீடு என்பதால் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பயம். மானுஸோடு கை குலுக்கினாள். அவன் எழுந்து நின்று குலுக்கினான். யாராவது வந்தால் அவன் பழையபடி ஆகிவிடுவான், ஒரு மணி நேரத்துக்கு.

"எப்படி இருக்கீங்க டைக்ஹவுஸ் அம்மா?"

நான் ரூல்ஃபீனைப் பார்த்தேன். அவள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மோசமில்ல," என்றாள்.

"நீங்க எப்படி, மானுஸ்?"

"எனக்கென்ன. வீட்டுக்காரிதான் ரொம்ப நச்சரிக்கறா. கோட்டக் கழட்டு, கோட்டப் போடுன்னு."

யோரிண்டா சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அது உண்மையிலேயே சிரிப்பாகத்தான் இருந்தது.

"ராத்திரி தூக்கம் எப்படி?" என்று யோரிண்டா கேட்டாள். சரியான கேள்வி. ரூல்ஃபீன் சொல்லிக்கொடுத்த கேள்வி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

ரூல்ஃபீன் வாயைத் திறந்தாள். மானுஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், தன்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல. அவள் அவன் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள்.

"இவர் சில சமயம் எழுந்திருப்பார்," என்றாள். "வயசாச்சுன்னா எல்லாரும் எழுந்திருப்பாங்க."

"எழுந்து எங்க போறார்னு சொல்லு," என்றேன்.

"பெரெண்ட், கேக் எடுத்துக்கோ."

"பாலத்துக்குப் போறார்னு சொன்னியே."

"அது ஒரு தடவை."

"யாரு போனது?" என்றான் மானுஸ். "நானா?"

"யாரும் போகல, மானுஸ். காபியக் குடி."

யோரிண்டா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "நாம ரெண்டு பேரும் தனியாப் பேசலாமா அம்மா? அந்த ரூமுக்குப் போயி?"

"எங்களுக்குள்ள ஒளிவு மறைவு கிடையாது," என்றாள் ரூல்ஃபீன்.

யோரிண்டா கொஞ்ச நேரம் கழித்துக் கழிவறை எங்கே என்று கேட்டாள். ரூல்ஃபீன் முகம் மாறியதை நான் கவனித்தேன். எல்லா வீடுகளையும்போல அவர்கள் வீட்டுக் கழிவறைக் கதவின் பின்னாலும் பிறந்தநாள் காலண்டர் தொங்குகிறது. ஒருவருக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லாவிட்டால் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், அப்புறம் அந்தப் பெயர்களைச் சொல்லிப் பேச்சை இழுக்கலாம் என்பது ரூல்ஃபீன் கண்டுபிடித்த வழி. ஆனால் எங்கள் பக்கத்தில் செத்தவர்களின் பெயரை அதிலிருந்து யாரும் அடிப்பதில்லை. அடிப்பது அவர்களை வீட்டைவிட்டு வெளியே தள்ளுவது மாதிரி. பிறந்தநாள் வரும், அன்றைக்கு ஒருமுறை நினைத்துக்கொள்வோம். யோரிண்டா நகரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. "உங்களுக்கு இவ்ளோ பேர் இருக்காங்களா? ஏப்ரல் மாசத்துல மட்டுமே இடமில்ல. ரைன்ட் யாரு?"

"என் அண்ணன்," என்றான் மானுஸ் உடனே.

"பக்கத்துலயா இருக்கார்?"

"அந்த மதகுக்குப் பக்கத்துல. ஞாயித்துக்கிழமை ஆனா வந்துடுவான். சீட்டு ஆடுவோம். ஏமாத்துவான்."

ரைன்ட் இறந்து ஆறு வருஷம். நானும் அந்த அடக்கத்துக்குப் போயிருந்தேன். மானுஸுக்கு அது நினைவில்லை. யாராவது சொன்னால் அந்த நொடியில்தான் முதல்முறையாகக் கேட்பவன்போல விம்முவான். அன்று முழுக்க அழுதுகொண்டே இருப்பான். மறுநாள் அண்ணன் எப்போது வருவான் என்று கேட்பான். ரூல்ஃபீன் அதனால் சொல்வதையே நிறுத்தியிருந்தாள்.

யோரிண்டா பேனாவோடு ரூல்ஃபீனைப் பார்த்தாள். "அப்படியா அம்மா? ஞாயித்துக்கிழமை அவர் வந்தா உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமா?"

ஒரு வார்த்தை போதும். இல்லை என்று சொன்னால் போதும். நான் நாற்காலியில் முன்னால் நகர்ந்தேன். ரூல்ஃபீன் மேசைக்கடியில் என் முழங்காலைப் பிடித்தாள், வலிக்கும்படியாக. மானுஸ் சிரித்த முகத்தோடு இருந்தான்.

"ஆமா," என்றாள். "ஞாயித்துக்கிழமைல கொஞ்சம் பரவால்ல."

ரைன்ட் வட்டத்துக்குள் போனான். அவன் மனைவி போனாள். அவளும் மண்ணுக்குள் இருக்கிறவள். பக்கத்து வீட்டுப் பெண் போனாள். நானும் போனேன்.

யோரிண்டா கிளம்பியபோது நான் வாசல்வரை கூடப்போய், சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் சாவியோடு அப்படியே நின்றாள்.

"செத்துட்டாரா?"

"ஆறு வருஷமாச்சு."

"அப்ப ஏன் அவங்க..." என்று ஆரம்பித்தவள், வீட்டு ஜன்னலைப் பார்த்து நிறுத்தினாள். "நீங்க சொன்னத நான் எழுத முடியாதுங்க. உங்களுக்கே தெரியும். அவங்க வாயாலச் சொல்லணும். நாளைக்கு அவங்களுக்கு நானே போன் பண்றேன். தனியா இருக்கும்போது."

பண்ணினாள். மூன்று முறை பண்ணினாள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் ரூல்ஃபீன் எப்போது தனியாக இருந்தாள்? ஒவ்வொரு முறையும் மானுஸ் பக்கத்தில் நின்று, "யாரு போன்ல? படகா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அறிக்கை வந்தது. பண்ணையில் வாரத்துக்கு ஒரு நாள், காலை நேரம் மட்டும். நான் அவளைக் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். போட்டால்கூட ஆட்சேபம் எழுதலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு மேசையில் வைத்து முழுதும் படித்தாள்.

"நான் சொன்னதத்தான் எழுதியிருக்கா. ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

"அது உண்மையில்லைன்னு உனக்குத் தெரியுமே."

"தெரியும். ஆனா ஆட்சேபத்துல என்னன்னு எழுதுவ? டைக்ஹவுஸ் அம்மா பொய் சொன்னாங்கன்னா?"

"முடியலன்னு எழுதுவோம்."

"எழுதினா விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. இவரையும் உக்கார வச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லணும். ரைன்ட் செத்ததச் சொல்லணும். ஜன்னல் வழியா இறங்கறதச் சொல்லணும். இவர் கேட்டுக்கிட்டு இருப்பார்." கையெழுத்துப் போட்டாள். "கெஸீனாவுக்கு நானும் இப்படித்தான் எழுதினேன். எனக்கு மட்டும் வேறயா?"

கோடை முழுக்க அவள் தாங்கினாள். நான் என்னால் முடிந்த நாளில் போய் மானுஸோடு நடந்தேன். அப்போது அவள் ஒரு மணி நேரம் படுப்பாள். எனக்கும் மூட்டு வலி, மனைவிக்கும் உடம்பு சரியில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

நவம்பரில் ஒரு பிற்பகல், கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ரூல்ஃபீன் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். மானுஸ் அவளை அன்று எழுப்பவில்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனான். மணல் ஏற்றிய ஒரு படகு வந்துகொண்டிருந்தது. தூரத்துக் காமிரா அறையில் இருந்தவர் பாலத்தைத் தூக்க ஆரம்பித்திருந்தார். காமிராவில், தடுப்பைத் தாண்டி ஏறி, எழும்பும் பலகையின் விளிம்பில் நின்று படகைப் பார்த்துக் கையசைக்கும் ஒரு கிழவர் தெரிந்தார். உடனே பொறியை நிறுத்திவிட்டார். மானுஸ் முழங்காலில் விழுந்தான், அதற்கு மேல் எதுவும் ஆகவில்லை. படகுக்காரர் சொன்னாராம், அந்த ஆள் மிகச் சரியாகச் சைகை காட்டினார் என்று.

போலீஸ்காரர்கள் கதவைத் தட்டித்தான் ரூல்ஃபீனை எழுப்பினார்கள். கன்னத்தில் கிழங்குத் தோல் ஒட்டியிருந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கு வட்டமும் பேச்சும் கிடையாது. மருத்துவர் ஒருவர் வந்தார், அன்று மாலையே மானுஸைக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் இடமில்லை. மாகாணத்தின் மறுகோடியில், கடற்கரைப் பக்கம், ஒரு பூட்டிய பிரிவில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. வண்டியில் ஏறும்போது அவன் எதிர்க்கவில்லை. ரூல்ஃபீனும் ஏறுவாள் என்று நினைத்துக்கொண்டு அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

அந்தக் கட்டிலுக்கு மாதாமாதம் ஆகும் செலவில் பண்ணைக்கு வாரத்தில் மூன்று நாள் என்ன, ஏழு நாளும் அனுப்பியிருக்கலாம். ஆனால் கட்டிலுக்குப் பணம் கட்டுவது அரசாங்கம், அது அவர்கள் கணக்கு. எங்கள் நகராட்சியின் கணக்கு அந்த வருஷமும் செலவு குறைந்ததாகத்தான் காட்டியது.

சேர்த்த வாரத்தில் அங்கே ஒரு கூட்டம் நடந்தது, நானும் போயிருந்தேன். பூப்போட்ட சட்டையில் ஒரு தாதி, குடும்பத்தினரும் பராமரிப்பில் பங்கெடுக்க வேண்டும் என்பது தங்கள் நிறுவனத்தின் கொள்கை என்றாள். சாப்பாடு ஊட்ட ஆள் பற்றாக்குறை.

"வாரத்துல எத்தனை நாள் உங்களால வர முடியும்? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு பஸ் மாறி வரணும்னு தெரியும்."

"தினமும் வருவேன்," என்றாள் ரூல்ஃபீன்.

"தினமும் உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

ரூல்ஃபீன் இல்லை என்று தலையசைத்தாள். தாதி எழுதிக்கொண்டாள்.

அவள் தினமும் போகிறாள். மதியச் சாப்பாட்டை ஊட்டிவிட்டு, சாயங்காலம் திரும்புகிறாள். மானுஸ் இப்போது அவளை அங்கே வேலை பார்க்கும் பெண் என்று நினைக்கிறான், நல்ல பெண் என்று மற்றவர்களிடம் சொல்கிறான். பஸ் ஏறியதும் அவள் தூங்கிவிடுகிறாள். ஓட்டுநர்களுக்கு அவளைத் தெரியும். மாற வேண்டிய நிறுத்தம் வந்ததும் ஒருவர் இறங்கி வந்து தோளைத் தொட்டு எழுப்புகிறார். அவள் கைப்பையைச் சரிபார்த்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடக்கிறாள்.